பன்னிரண்டு அங்குல நேர்மை

மனித இனம் இதுவரை எட்டியிருக்கும் நேர்மையின் உச்சம் எதுவென்றால், அது பைன் ஹாலோ பாஸ் மீன் சங்கத்தின் எடைத்தராசுதான். இதைச் சொன்னவர் சங்கத் தலைவர் ஹார்லன் ஸ்டிடம். ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, விடிந்தும் விடியாமலும், அலபாமாவில் எங்கள் ஏரியின் படகுத்துறையில், ஓர் ஐஸ் பெட்டியின் மேல் ஏறி நின்றுகொண்டு சொன்னார். கீழே நின்ற நாற்பத்தேழு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள். தராசும் பக்கத்திலேயே இருந்தது. அது மறுப்பு ஏதும் சொல்லவில்லை.

"கோர்ட்டுல பொய் சொல்லுவான். பெண்டாட்டிகிட்ட சொல்லுவான். சர்ச்சுலகூட லேசா சொல்லுவான்," என்றார் ஹார்லன். "ஆனா இந்தத் தராசு முன்னாடி இதுவரைக்கும் ஒருத்தனும் சொன்னதில்லை. ஏன்னா நம்ம மனசு சுத்தம். போதாததுக்கு மெஷின் வேற இருக்கு."

மெஷின் என்றால் பொய் கண்டுபிடிக்கும் கருவி. போட்டியில் ஜெயித்தவர் அதன் முன்னால் உட்கார்ந்து தேறினால்தான் அவர் பிடித்த மீன் மீனாகும். ஒன்பது வருஷமாக ஹார்லனே ஜெயித்து, ஹார்லனே உட்கார்ந்து, ஹார்லனே தேறிக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் கையை நீட்டி மதகுப் பக்கம் காட்டினார். நூறு அடி தள்ளி, கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியின் மேல், மூங்கில் தூண்டிலோடு வெர்னா உட்கார்ந்திருந்தாள். காலடியில் காப்பித்தூள் டப்பா. டப்பா நிறைய மண், மண் நிறைய புழு. எங்கள் ஊரில் கெளுத்தி மீன் தின்ன ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் வெர்னாவிடம்தான் வாங்குவார்கள்.

"அதைப் பாருங்க. அது மீன்பிடிப்பு இல்லை, லஞ்சம். தின்னக் குடுத்து வரவழைக்கிறது. நாம என்ன பண்றோம்? ரப்பர் புழு போடுறோம். அதைக் கடிச்சா மீனுக்கு ஒரு பருக்கை பிரயோஜனம் கிடையாது. கிடைக்கிறதெல்லாம் நமக்குத்தான். அதுக்குப் பேர்தான் நேர்மை."

கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஹார்லன், உன் சத்தத்துல என் மீன் ஓடிப்போச்சுப்பா," என்றாள் வெர்னா, திரும்பிப் பார்க்காமலே.

கூட்டத்தின் கடைசியில் நின்ற லீலண்ட் மாப்ரி மட்டும் கைதட்ட மறந்து, கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தாமதமாகத் தட்டினார். மற்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லீலண்ட் இருபத்தாறு வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். ரயில்வே கேட்டில் தண்டவாளம் துருப்பிடித்து, நடுவில் மரம் முளைத்து, ரயில் நின்றுபோய்ப் பன்னிரண்டு வருஷமாகிறது. இன்றைக்கும் பேருந்தை நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவார். மரத்தைச் சுற்றிக்கொண்டு தாண்டுவார்.

அவருக்கு மீன்பிடிக்கத் தெரியாது. ஆசையும் இல்லை. ஜூலை மாதம் அவர் மகள் டெல்லாவுக்குக் கல்யாணம். ஏரிக்கரை மண்டபத்தில்தான் நடக்க வேண்டுமென்று டெல்லா ஆறு வயதிலேயே முடிவு செய்துவிட்டாள். மண்டபம் சங்கத்துக்குச் சொந்தம். உறுப்பினர் வீட்டு விசேஷத்துக்கு மட்டும்தான் தருவார்கள். லீலண்ட் போன குளிர்காலத்தில் ஹார்லனிடம் கேட்டார். "எல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் தம்பி, பார்த்துக்கலாம்," என்றார் ஹார்லன். லீலண்ட் அதை நம்பி நூற்று எண்பத்தொரு பேருக்கு அழைப்பிதழ் அடித்து அனுப்பிவிட்டார். சம்பிரதாயம் என்னவென்று மே மாதக் கடைசியில்தான் கடிதம் வந்தது. சங்கத்தின் நட்புப் போட்டியில், பன்னிரண்டு அங்குலத்துக்குக் குறையாத பாஸ் மீன் ஒன்றையாவது உயிரோடு தராசில் வைத்தவரே உறுப்பினர். கல்யாணத்துக்கு முன்னால் மிச்சமிருந்தது இந்த ஒரே போட்டி.

மண்டபம் இல்லையென்றால் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கம்.

"அப்பா, கூடைப்பந்து வளையத்துக்குக் கீழ நின்னு நான் மோதிரம் மாத்திக்க மாட்டேன்," என்று டெல்லா சொல்லிவிட்டாள். "நீங்க மீன் பிடிங்க."

நட்புப் போட்டியின் விதிப்புத்தகம் நாற்பத்தாறு பக்கம். மூன்றாம் பக்கத்தில் நட்பு என்றால் என்ன என்று விளக்கியிருந்தது. நான்காம் பக்கத்தில் அதை மீறினால் என்ன அபராதம் என்று இருந்தது. லீலண்ட் இரண்டு தடவை படித்து, கீழே கோடுபோட்டு, புத்தகத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

பாதிரியார் ஜெபம் செய்தார். "ஆண்டவரே, இந்த மீன்களையும் ஆசீர்வதியும். அளவோடு ஆசீர்வதியும்," என்றார். அடுத்து தேசியகீதம். ஒரு கையில் தொப்பி, ஒரு கை நெஞ்சில். படகுக் கயிற்றைப் பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லாததால் ஆறு படகுகள் மெல்ல நகர்ந்து ஏரிக்குள் போயின. ஒருவரும் அசையவில்லை. இது ஒவ்வொரு வருஷமும் நடப்பதுதான். கீதத்தின்போது மிதந்துபோகும் படகு முறைகேடாகப் புறப்பட்டதாகக் கருதப்படாது என்பது ஒன்பதாம் விதி.

தொப்பிக்குள் சீட்டுப் போட்டு ஜோடி சேர்த்தார்கள். லீலண்டுக்கு விழுந்தது ஹார்லனின் படகு.

"உனக்கு அதிர்ஷ்டம் தம்பி," என்றார் யாரோ.

"சங்கத்துல அதிர்ஷ்டம்னு ஒண்ணு கிடையாது," என்றார் ஹார்லன். "அறிவியல் மட்டும்தான்."

படகுச் சோதனை அதற்குப் பிறகு. சோதனை அதிகாரி ஓடெல் கிரம்ப், ஷெரீஃப் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெஷினும் அவருடையதுதான். ஓய்வு பெறும்போது எல்லோருக்கும் கடிகாரம் கொடுப்பார்கள், இவருக்கு அதைக் கொடுத்துவிட்டார்கள். ஓடெல் லீலண்டின் பெட்டியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"என்ன இது?"

"வாழைப்பழப் புட்டிங்," என்றார் லீலண்ட். "என் வீட்டுக்காரி நடீன் செஞ்சு குடுத்தா. எடை போட்டு முடிஞ்சதும் எல்லாரும் சாப்பிடட்டும்னு."

துறையில் யாரோ ஒருவர் தன் படகைப் பின்னால் நகர்த்தினார். படகில் வாழைப்பழம் ஏறினால் மீன் கடிக்காது. இது பைன் ஹாலோவில் பால்குடி மறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். லீலண்டுக்குத் தெரியாமல் போனதற்கு ஒரே காரணம், பேருந்தில் வாழைப்பழத்துக்குத் தடை இல்லை.

"இது மூடநம்பிக்கை இல்லை," என்றார் ஹார்லன் லீலண்டிடம், வெகு பொறுமையாக. "மூடநம்பிக்கையை நாங்க விதிப்புத்தகத்துல சேர்க்கிறதே இல்லை. இது புத்தகத்துல இருக்கு. இருபத்திரண்டாம் விதி."

மூவர் குழு கூடியது. வாழைப்பழம் வெந்து, பாலில் ஊறி, பிஸ்கட்டுக்கு அடியில் புதைந்த பிறகும் வாழைப்பழமாகவே நீடிக்கிறதா என்பது, விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் அந்த மூவர் முன்னால் இருந்த கேள்வி. ஒருவர், அது குணத்தில் இனிப்பாக மாறிவிட்டது என்றார். இன்னொருவர், தன் மாமனார் வாழைப்பழ வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த நாளில் ஒரு மீன்கூட அகப்படவில்லை என்று சாட்சி சொன்னார். நாற்பது நிமிஷம் விசாரணை. அதற்குள் சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன. தீர்ப்பு: புட்டிங், தண்ணீரிலிருந்து ஐம்பது அடிக்கு அப்பால், ஓடெலின் வண்டியில், ஓடெலின் காவலில் இருக்க வேண்டும்.

"ஸ்பூன் இருக்கா?" என்று கேட்டார் ஓடெல்.

"எதுக்குங்க?"

"ஆதாரத்தைக் கையால தொடக்கூடாது தம்பி."

ஹார்லனின் படகில் நாலு கம்ப்யூட்டர் திரை இருந்தது. தண்ணீருக்கடியில் இருக்கிற ஒவ்வொரு மரக்கிளையும், ஒவ்வொரு மீனும் அதில் தெரியும். லீலண்டைப் பின்பக்கம் உட்கார வைத்துவிட்டு ஹார்லன் திரைகளுக்கு முன்னால் நின்றார்.

"தெரியுதா? அந்தக் கிளைக்குக் கீழ மூணு பேர். பெரியவன் வலது பக்கம்."

"அவங்களுக்கு நம்மளைத் தெரியுமா?" என்று கேட்டார் லீலண்ட்.

ஹார்லன் ரப்பர் புழுப் பெட்டியைத் திறந்தார். நாற்பத்திரண்டு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பேர். "பச்சைப் பூசணி போட்டுப் பார்ப்போம்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தர்பூசணி விதை," என்றார். மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்து லீலண்ட், "என்கிட்ட ஹாம் சாண்ட்விச்தான் இருக்கு," என்றார்.

ஒன்பது மணி, பத்து மணி, பதினொன்று. அந்த மூன்று பேரும் கிளைக்குக் கீழே இருந்தார்கள். ஹார்லன் மாற்றி மாற்றிப் போட்ட ஒவ்வொரு நிறத்தையும் கிட்டே வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் திரும்பப் போனார்கள். திரையில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் மீன் கடிக்காவிட்டால் அங்கே மீன் இல்லை என்று நினைத்துக்கொள்ளலாம். அந்த ஆறுதலை அறிவியல் எடுத்துவிட்டது.

"வாழைப்பழம்தான்," என்றார் ஹார்லன் மெதுவாக. "படகுல ஏறலைன்னாலும் நீ தொட்டிருக்கே."

லீலண்டின் தூண்டில் நரம்பு அதற்குள் மூன்று தடவை சிக்கலாகி, மூன்று தடவையும் ஹார்லனின் தொப்பியில் மாட்டியது. வீசுவதை விட்டுவிட்டு, ரப்பர் புழுவைப் படகுக்குப் பக்கத்திலேயே நேராகத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, கழியை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு சாண்ட்விச்சைப் பிரித்தார். கல்யாணத்தைப் பற்றி யோசித்தார். கூடைப்பந்து வளையத்தைப் பூவால் மூட முடியுமா என்று யோசித்தார். மூடினால் மேலும் எடுப்பாகத்தான் தெரியும்.

கழி அவர் முழங்காலை விட்டுப் போகப் பார்த்தது.

"ஐயா," என்றார் லீலண்ட். "தலைவரே. இது என்னமோ இழுக்குது."

ஜோடியின் மீனைக் கைவலையில் வாங்க வேண்டியது மற்றவரின் கடமை. பதினான்காம் விதி. ஹார்லன் கைவலையைத் தேடினார். அது அவர் கையிலேயே இருந்தது. அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். லீலண்ட் பொறுக்கமாட்டாமல் பாதி சாண்ட்விச்சோடு குனிந்து, நரம்பைப் பிடித்து, மீனைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்.

அளவுப் பலகையில் வைத்தார்கள். வாய் மூடியிருக்க வேண்டும், வாலைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும். மீன் வாயை மூட மறுத்தது. ஹார்லன் நான்கு தடவை அளந்தார். நான்கு தடவையும் பன்னிரண்டு அங்குலமும் ஒரு நூலும்.

"அந்த நூலு வெயில்ல விரிஞ்சது," என்றார்.

மீனைப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டார்கள். அதற்குப் பிறகு லீலண்ட் தூண்டிலைத் தொடவில்லை. செத்த மீனுக்கு உறுப்பினர் பதவி கிடையாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டி மூடியைத் திறந்து, பேருந்தில் பிள்ளைகளை எண்ணுகிற வழக்கத்தில் விரலை நீட்டி, "ஒண்ணு," என்று எண்ணிவிட்டு மூடினார்.

மூன்று மணிக்கு எடை போடும் மேடை. வெயில் சுட்டது. வெர்னாவிடம் வாங்கிய கெளுத்தி ஒரு பக்கம் எண்ணெயில் பொரிந்துகொண்டிருந்தது. புழு போட்டுப் பிடித்த மீனைத் தின்பது பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றுமில்லை. இருபத்து நான்கு படகிலிருந்தும் ஒவ்வொருவராக மேடையேறினார்கள். லீலண்டைத் தவிர வேறு ஒருவரிடமும் மீன் இல்லை. ஆனால் பேச்சு இருந்தது.

"காத்தழுத்தம் ஒத்துழைக்கலை," என்றார் ஒருவர். கைதட்டல்.

"மீன் இருந்துச்சு. ஆனா அதோட மனநிலை சரியில்லை." கைதட்டல்.

"நான் இன்னைக்குப் பிடிக்காத மீன், என் வாழ்க்கையிலேயே நான் பிடிக்காத மீன்கள்ல பெரியது," என்றார் மூன்றாமவர். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஹார்லன் பத்து நிமிஷம் பேசினார். மீன் பிடிப்பது யாருக்கும் முடியும், பிடிக்காமல் இருக்கும்போது ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் தலைமைப் பண்பு தெரியும் என்றார். போன வருஷம் வரை அவர் இதற்கு நேர்மாறாகச் சொல்லி வந்தார்.

கடைசியாக லீலண்ட், தண்ணீர்ப் பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். தராசு ஒரு பவுண்டு, இரண்டு அவுன்ஸ் காட்டியது. மீன் வாலை ஆட்டியது. நடீன் ஒருத்தி மட்டும் கைதட்டினாள். மீனை ஏரியில் விட்டார்கள். அது திரும்பிப் பார்க்காமல் போயிற்று.

"அப்ப, நான் உறுப்பினர்தானுங்களே?"

"சாம்பியன் தம்பி," என்றார் ஹார்லன். குரலில் இனிமை இருந்தது. "அதனால மெஷின்ல உட்காரணும். முப்பத்தோராம் விதி."

படகுக் கொட்டகைக்குள் மெஷின். ஓடெல் பட்டையை மார்பில் சுற்றி, விரல்களில் கம்பி மாட்டினார். அவர் மீசையில் ஆதாரம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. சங்கம் முழுக்க வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது. பொரித்த கெளுத்தித் தட்டைக் கையில் ஏந்தியபடி வெர்னாவும் நின்றாள்.

"உங்க பேரு லீலண்ட் மாப்ரியா?"

"ஆமாங்க."

முள் துள்ளிக் குதித்தது.

"பஸ் ஓட்டுறீங்களா?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

முள் இன்னும் மேலே போனது. மீனைப் பற்றிக் கேட்டபோது அது காகிதத்தின் ஓரத்தைத் தொட்டுவிட்டு வந்தது. லீலண்டின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"பேரையே திருடினவன் மீனை விட்டு வைப்பானா?" என்றார் ஹார்லன் கூட்டத்தைப் பார்த்து. "வருத்தமாத்தான் இருக்கு. சங்கம் தன் கடமையைச் செய்யணும். மண்டபம் கிடையாது."

"அந்தப் பேரோட நான் இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணிட்டேன்," என்றாள் நடீன். "இப்ப வந்து அவரு வேற ஆளுங்கிறீங்களா?"

லீலண்ட் கையை உயர்த்தினார். கம்பிகளும் கூடவே உயர்ந்தன. "தலைவரே, ஒரு சந்தேகம். யோக்கியன் உட்கார்ந்தா முள் எப்படிப் போகும்? பார்த்துட்டா நானும் அதே மாதிரி உட்கார்ந்து பழகிக்குவேன்."

இதைவிடச் சூழ்ச்சியான கேள்வியை யாராலும் கேட்டிருக்க முடியாது. ஆனால் லீலண்ட் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தன்னை எடுத்துக்காட்டாகக் காட்டும் வாய்ப்பை ஹார்லன் வாழ்நாளில் மறுத்ததில்லை. உட்கார்ந்தார், காலரைத் தளர்த்தினார்.

"உங்க பேரு ஹார்லன் ஸ்டிடமா?"

"ஆமா." முள் கோடு போட்டாற்போல் போனது. "பாத்தியா தம்பி?"

ஓடெல் ஒன்பது வருஷமாக ஹார்லனிடம் மூன்றே கேள்விகள்தான் கேட்டு வந்தார். பேர் என்ன, மீனைப் பிடித்தது நீங்களா, தராசை மதிக்கிறீர்களா. இன்றைக்கு மீன் இல்லாததால் நடுக் கேள்வி காலியாக இருந்தது. காலையில் கேட்ட பேச்சு நினைவில் இருந்ததால், அவர் வெகு நல்ல எண்ணத்தோடு கேட்டார்.

"என்னைக்காவது உயிருள்ள புழு போட்டு மீன் பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லை," என்றார் ஹார்லன்.

முள் காகிதத்தைத் தாண்டி, பலகையைத் தாண்டி, ஓடெலின் சட்டைக் கையில் ஒரு கோடு இழுத்துவிட்டு நின்றது.

கொட்டகையில் கெளுத்தி வாசனை மட்டும் இருந்தது.

"ஹார்லன், மீன் ஆறுது," என்றாள் வெர்னா. "யாராவது எடுத்துக்கறீங்களா?"

ஓடெல் தொண்டையைச் செருமினார். "இதுல ரெண்டு விதமா சொல்லலாம். ஒண்ணு, மெஷின் சரியா இருக்கு. அப்படின்னா..." அதற்கு மேல் அவர் போகவில்லை. மூவர் குழு கூடியது. புட்டிங்குக்கு நாற்பது நிமிஷம் எடுத்தவர்கள் இதற்கு ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை. காலையிலிருந்தே ஈரக்காற்றில் மெஷின் பழுதாகிவிட்டது என்று முடிவானது. பழுதானது எல்லோருக்கும் பழுதானதுதான். ஆகவே லீலண்ட் மாப்ரிக்கு அவர் பேர் திரும்பக் கிடைத்தது, மீனும் கிடைத்தது, மண்டபமும் கிடைத்தது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஹார்லன். பட்டையை அவிழ்ப்பதற்கு முன்னாலேயே முன்மொழிந்தார்.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை டெல்லாவின் கல்யாணம் நடந்தது. வெள்ளைத் தூண்களுக்கு நடுவே மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். நடீன் வாழைப்பழப் புட்டிங் செய்து, விதிப்படி தண்ணீரிலிருந்து ஐம்பது அடி அளந்து மேஜை போட்டிருந்தாள். ஓடெல் தானாகவே காவலுக்கு நின்றார். ஹார்லன் வாழ்த்துரையில், பாஸ் மீனைப் போலவே கல்யாணத்திலும் ஏமாற்றுக்கு இடமில்லை என்றார். மதகுப் பக்கம் கையை நீட்டி, புழு போட்டு வரவழைத்த பாசம் நிலைக்காது என்றும் சொன்னார். வாளி அங்கேதான் இருந்தது, வெர்னா மட்டும் இல்லை. பூப்போட்ட சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கேக் வெட்டும் நேரம் லீலண்ட் வழக்கப்படி ஆட்களை எண்ணினார். நூற்று எண்பது. வெர்னா கேக்குக்கு வரிசையில் நின்றாள். நடீன் இருந்தாள், பாதிரியார் இருந்தார். ஒரு தலை குறைந்தது. ஆளை விட்டுவிட்டு வண்டி எடுக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. படியிறங்கித் தேடிக்கொண்டு போனார்.

மதகடியில் வாளியின் மேல் ஹார்லன் உட்கார்ந்திருந்தார். கோட்டு மடித்துப் பக்கத்தில் இருந்தது, கால்சட்டை முழங்கால் வரை சுருட்டியிருந்தது. மூங்கில் கழியைப் பிடித்திருந்தார். தண்ணீரில் சிவப்புத் தக்கை மிதந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணம் புட்டிங், பாதி காலி. திரைகளுக்கு முன்னால் நிற்கும்போது அந்த முகத்தில் லீலண்ட் பார்த்திராத ஒரு நிம்மதி.

"கேக் வெட்டுறாங்க தலைவரே."

"மெல்லப் பேசு," என்றார் ஹார்லன். "கடிக்குது."

தக்கை ஒரு தடவை அமுங்கி எழுந்தது. லீலண்ட் பக்கத்தில் குந்தினார்.

"என்ன போட்டிருக்கீங்க?"

ஹார்லன் தக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரப்பர்," என்றார்.

லீலண்ட் காப்பித்தூள் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். ரப்பர், மண்ணை மெல்ல விலக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.